திரும்பத் திரும்ப வரும் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்துப் படிப்பது: ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

மனித ஜீனோமில் ஏறத்தாழ 310 கோடி எழுத்துகள் இருக்கின்றன. அதில் கிட்டத்தட்ட பாதி, வேறெங்கோ இருப்பதே மறுபடி வருவதுதான். ஆலு என்ற 300 எழுத்துத் துண்டு ஒன்றே பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகளாகச் சிதறிக் கிடக்கிறது. ஜீனோமில் பத்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடுகிறது. ஒரு காலத்தில் இதையெல்லாம் குப்பை என்று ஒதுக்கினார்கள். ஆனால் ஆளுக்கு ஆள் மரபணுவில் என்ன வேறுபாடு என்று பார்க்க வருபவர் முதலில் கை வைக்க வேண்டிய இடம் இந்தக் குப்பைதான்.

ஏன் என்றால், இப்படித் திரும்பத் திரும்ப வரும் வரிசைகள், அதாவது ரிபீட்கள், சீக்கிரம் மாறுகின்றன. செல் தன் டி.என்.ஏ.வைப் பிரதியெடுக்கும்போது ஒரே மாதிரியான துணுக்குகள் வரிசையாக வந்தால் இழைகள் சற்று வழுக்கிவிடும். ஒரு துணுக்கு கூடும் அல்லது குறையும். சாதாரண ஒற்றை எழுத்து மாற்றம் ஒரு தலைமுறையில் சுமார் பத்துக் கோடி எழுத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் நடக்கிறது. குட்டி ரிபீட்களிலோ ஓர் இடத்தில் ஆயிரம் முதல் பத்தாயிரம் பிறப்புக்கு ஒரு முறை நீளம் மாறிவிடுகிறது. ஆகவே ஒரே இடத்தில் பத்துப் பன்னிரண்டு விதமான நீளங்கள் மக்களிடையே புழங்கும். ஒற்றை எழுத்து மாற்றத்தில் பெரும்பாலும் இரண்டே விதம்.

பி.சி.ஆர். என்றால் என்ன, ஜெல் எப்படி ஓட்டுவது என்று ஓரளவு தெரிந்தவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். ரிபீட்களை இதுவரை தொட்டதில்லை என்றால் பரவாயில்லை.

எதைத் தேடுகிறோம்

ரிபீட்களில் இரண்டு பெரிய குடும்பங்கள். ஒன்று, பக்கத்துப் பக்கத்தில் வரிசையாக நிற்பவை. ஒன்று முதல் ஆறு எழுத்து வரையிலான துணுக்கு திரும்பத் திரும்ப வந்தால் மைக்ரோசாட்டலைட், எஸ்.டி.ஆர். என்றும் சொல்வார்கள். துணுக்கு பத்து எழுத்துக்கு மேல் போனால் மினிசாட்டலைட். குரோமோசோமின் இடுப்பான சென்ட்ரோமியரில் 171 எழுத்துத் துணுக்கு லட்சக்கணக்கான எழுத்து நீளத்துக்கு ஓடுகிறது. அதற்கு ஆல்ஃபா சாட்டலைட் என்று பெயர்.

இன்னொரு குடும்பம், ஜீனோம் முழுக்கத் தூவிவிட்டதுபோல் இருப்பவை. ஆலு, லைன்-1 போன்றவை தம்மை ஆர்.என்.ஏ.வாக நகலெடுத்து, திரும்ப டி.என்.ஏ.வாக மாறி, புதிய இடத்தில் செருகிக்கொள்பவை. பெரும்பாலானவை கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் செருகப்பட்டு எல்லா மனிதரிடமும் இருக்கின்றன. அவற்றால் நமக்கு உபயோகமில்லை. ஆலுவின் இளைய கிளைகளான ஒய்.ஏ.5, ஒய்.பி.8 ஆகியவற்றில் சில மட்டும் சிலரிடம் இருக்கும், சிலரிடம் இருக்காது. நமக்கு வேண்டியது அவைதான்.

ஓரத்தைப் பிடியுங்கள்

புதிதாக வருபவர்கள் எல்லாரும் முதலில் செய்ய நினைப்பது ரிபீட்டையே பிடிப்பது. அந்த எண்ணத்தை முதலிலேயே கழற்றி வைத்துவிடுவது நல்லது. ஒரே அச்சில் கட்டிய வீடுகள் நிறைந்த ஊரில், வீட்டின் சுவரைப் பார்த்து விலாசம் கண்டுபிடிக்க முடியாது. பக்கத்தில் என்ன இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். ரிபீட்டும் அப்படித்தான். அதன் இரு பக்கத்திலும் உள்ள, ஜீனோமில் வேறெங்கும் இல்லாத வரிசைதான் அதன் விலாசம்.

இத்துறையின் வரலாறே இதைக் கற்றுக்கொண்ட கதைதான். 1968இல் ராய் பிரிட்டன், டேவிட் கோன் என்ற இரு ஆய்வாளர்கள் டி.என்.ஏ.வைத் துண்டாக்கி, சூடாக்கி இழைகளைப் பிரித்து, பிறகு ஆறவிட்டார்கள். பிரதி அதிகமுள்ள துண்டுகளுக்கு ஜோடி சட்டென்று கிடைத்துவிடும். தனித்த வரிசைகள் வெகுநேரம் தேடிக்கொண்டிருக்கும். சீக்கிரம் சேர்ந்ததை மட்டும் பிரித்தெடுத்தால் அது ரிபீட்களின் மொத்தக் குவியல். அதே முறையில் தயாரித்த காட்-1 டி.என்.ஏ. இன்றும் விற்பனையாகிறது, வேறு சோதனைகளில் ரிபீட்கள் தேவையில்லாமல் ஒட்டிக்கொள்வதைத் தடுக்க அதைச் சேர்ப்பார்கள். குவியலாக எடுக்க நல்ல வழி. ஆனால் எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று அதில் தெரியாது.

1984இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் மினிசாட்டலைட் துணுக்கு ஒன்றையே தூண்டிலாக வைத்துப் பார்த்தார். அது ஒரே நேரத்தில் பல இடங்களில் ஒட்டி, ஆளுக்கு ஆள் வேறுபடும் பட்டைகளின் வரிசையைக் காட்டியது. டி.என்.ஏ. கைரேகை என்று நாம் சொல்வது பிறந்தது அப்போதுதான். ஆளை அடையாளம் காண அது போதும். எந்தப் பட்டை எந்த இடத்தினுடையது, எது எதற்கு ஜோடி அல்லீல் (ஒரே இடத்தின் மாற்று வடிவம்) என்று அதில் பிரித்துச் சொல்வது கடினம். மக்கள்தொகையில் இந்த அல்லீல் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று எண்ண அது உதவாது. 1989இல் பல குழுக்கள் தனித்தனியாக, மைக்ரோசாட்டலைட்டின் இரு ஓரங்களிலும் பிரைமர் வைத்து பி.சி.ஆர். செய்து காட்டியபின் நிலைமை மாறியது. ஓர் இடம், இரண்டு அல்லீல், எண்ணக்கூடிய நீளம். கீழே வருவதெல்லாம் அந்த வழிதான்.

படி 1: ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள், ஒப்புதல் வாங்குங்கள்

முதல் சோதனைக்கு ஆலு செருகல் ஒன்றை எடுக்கச் சொல்வேன். 16ஆம் குரோமோசோமில் உள்ள பி.வி.92 என்ற இடம் உலகெங்கும் கற்பித்தலுக்குப் பயன்படுகிறது. அங்கே ஆலு இருக்கும் அல்லது இருக்காது; இரண்டே அல்லீல். வேறுபாடு 300 எழுத்து என்பதால் சாதாரண அகரோஸ் ஜெல்லிலேயே கண்ணுக்குத் தெரியும். இதில் இன்னொரு வசதி உண்டு. ஆலு இல்லாததுதான் பழைய நிலை என்பது உறுதி. ஒரே இடத்தில் இருவரிடம் ஆலு இருந்தால் பொது மூதாதை ஒருவரிடமிருந்து வந்ததாகத்தான் கிட்டத்தட்ட எப்போதும் இருக்கும். மைக்ரோசாட்டலைட்டில் அந்த உறுதி கிடையாது. 10 துணுக்கு என்பது 9இலிருந்து கூடியும் வந்திருக்கலாம், 11இலிருந்து குறைந்தும் வந்திருக்கலாம்.

அது கைக்கு வந்தபின் மைக்ரோசாட்டலைட்டுக்குப் போகலாம். அப்போது நாலெழுத்துத் துணுக்குள்ளதாகப் பாருங்கள். ஈரெழுத்து ரிபீட்கள் அதிகம் வேறுபடும், ஆனால் படிக்கும்போது தலைவலி கொடுக்கும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நோயோடு தொடர்புள்ள இடங்களைப் பயிற்சிக்கு எடுக்காதீர்கள். ஹண்டிங்டன் நோய்க்கான மரபணுவில் சி-ஏ-ஜி துணுக்கு 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் வருவது ஏறக்குறைய உறுதி. அந்த எண்ணை ஒரு மாணவர் ஜெல்லில் தற்செயலாகப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. அது மரபியல் ஆலோசகர் பக்கத்தில் இருக்கும்போது தெரிய வேண்டிய செய்தி.

ஒப்புதல் பற்றி ஒன்று. நெறிமுறைக் குழுவின் அனுமதியும் மாதிரி தருபவரின் எழுத்துப்பூர்வ சம்மதமும் இல்லாமல் தொடங்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். பலர் யோசிக்காதது, குடும்பமாக மாதிரி எடுப்பது. "அப்பா, அம்மா, தங்கச்சி எல்லாருடையதையும் கொண்டுவரட்டுமா?" என்று ஆர்வமாகக் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ரிபீட்கள் உறவைச் சொல்பவை. யாரும் கேட்காத உண்மை ஒன்று மேசைமேல் வந்து விழுந்துவிடும். பெயரை நீக்கிவிட்டோம் என்பதும் முழுப் பாதுகாப்பு இல்லை. அமெரிக்கக் குற்றவியல் டி.என்.ஏ. தரவுத்தளம் 1998இல் 13 எஸ்.டி.ஆர். இடங்களோடு தொடங்கி, 2017 முதல் 20 இடங்களைப் பயன்படுத்துகிறது. அந்த இருபதே ஓர் ஆளைச் சுட்டிக்காட்டப் போதும். நீங்களும் பல இடங்களைப் பார்த்தால் உங்கள் தரவுக்கும் அதே சக்தி உண்டு.

படி 2: கணினியில் பிரைமர்

ஆய்வக வேலையில் பாதி இங்கேயே முடிந்துவிடும், ஒழுங்காகச் செய்தால். யூ.சி.எஸ்.சி. ஜீனோம் பிரௌசரைத் திறந்து உங்கள் இடத்துக்குப் போங்கள். அதில் ரிபீட்மாஸ்கர், டேண்டம் ரிபீட்ஸ் ஃபைண்டர் என்ற இரண்டு நிரல்களின் முடிவுகள் ஏற்கெனவே வரைபடமாக இருக்கும். ரிபீட்டையும் அதன் இருபுறமும் 300 முதல் 400 எழுத்து வரையும் வரிசையாக இறக்கிக்கொள்ளுங்கள்.

இறக்கும்போது ரிபீட்களைச் சிறிய எழுத்தாக்கும் தேர்வைக் குறித்திருந்தால், வரிசையில் சில எழுத்துகள் பெரிய வடிவிலும் சில சிறிய வடிவிலும் இருக்கும். சிறிய வடிவில் இருப்பவை ரிபீட் என்று நிரல் கண்டவை. உங்கள் பிரைமர் முழுக்க முழுக்கப் பெரிய எழுத்துப் பகுதியில் உட்கார வேண்டும். இதை மீறி ஆலுவுக்குள்ளேயே ஒரு பிரைமரை வைத்தால், அது பத்து லட்சம் இடங்களில் ஒட்டப் பார்க்கும். ஜெல்லில் பட்டை வராது, மேலிருந்து கீழ்வரை ஒரே தேய்ப்பாகத் தெரியும். தேய்ப்பு வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

பிரைமர்3 என்ற நிரலில் வரிசையை ஒட்டி, ரிபீட் பகுதியைக் கட்டாயம் உள்ளடக்க வேண்டிய இலக்காகக் குறியுங்கள். 18 முதல் 24 எழுத்து நீளம், இரண்டு பிரைமருக்கும் உருகுநிலை 58 முதல் 62 டிகிரிக்குள், ஒன்றுக்கொன்று இரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். மைக்ரோசாட்டலைட் என்றால் மொத்த நீளம் 100 முதல் 350 எழுத்துக்குள் வருமாறு பாருங்கள். சிதைந்த பழைய மாதிரியிலும் குட்டையான துண்டு கிடைக்கும்.

நிரல் கொடுத்ததை அப்படியே ஆர்டர் செய்யாதீர்கள். அதே பிரௌசரில் கணினிக்குள்ளேயே பி.சி.ஆர். ஓட்டிப் பார்க்கும் வசதி உண்டு. இரு பிரைமர்களையும் கொடுத்தால் ஜீனோமில் எங்கெல்லாம் துண்டு வரும் என்று காட்டும். ஒரே ஓர் இடம் வர வேண்டும். அப்புறம், பிரைமர் உட்காரும் இடத்தில், குறிப்பாக அதன் 3' முனையில், மக்களிடையே பரவலான ஒற்றை எழுத்து வேறுபாடு ஏதும் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இருந்தால் அந்த மாற்றம் உள்ளவர்களிடம் பிரைமர் ஒட்டாது. அந்த அல்லீல் இருந்தும் இல்லாததுபோல் மறைந்துவிடும். இதை மௌன அல்லீல் என்கிறோம். இரண்டு வேறு அல்லீல் உள்ளவரை ஒரே அல்லீல் உள்ளவராகக் காட்டி ஏமாற்றும் பேர்வழி இது.

படி 3: டி.என்.ஏ. எடுப்பது

இதில் பெரிய வித்தை இல்லை. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்தெடுத்த செல்கள், அல்லது உமிழ்நீர் போதும். வாயைத் தண்ணீரால் கொப்பளித்து அரைமணி நேரம் கழித்து எடுக்கச் சொல்லுங்கள். 5 சதவீத செலெக்ஸ் கரைசலில் போட்டு, 56 டிகிரியில் சற்று வைத்து, பிறகு 100 டிகிரியில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி மேலே தெளிந்திருப்பதை எடுத்தால் ஆயிற்று. செலெக்ஸ் மணிகள் மக்னீசியம் போன்ற உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்வதால் டி.என்.ஏ.வை வெட்டும் என்சைம்கள் செயலிழக்கும். அந்த மணி ஒன்றுகூட பி.சி.ஆர். டியூபுக்குள் போய்விடக் கூடாது. அங்கேயும் மக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு வேலையைக் கெடுக்கும். செலெக்ஸ் முறையில் கிடைப்பது ஒற்றை இழை டி.என்.ஏ.; வெட்டும் என்சைம் வேலைகளுக்கு அது ஆகாது. நீண்டநாள் வைத்திருக்கவும், பின்னால் வரும் தூண்டில் முறைக்கும் சிலிக்கா காலம் (column) கிட் வாங்கிவிடுங்கள்.

அளவு முக்கியம். ஒரு மனிதச் செல்லில் சுமார் 6.6 பிகோகிராம் டி.என்.ஏ. அப்படியானால் ஒரு நானோகிராமில் 150 செல்களின் டி.என்.ஏ., அதாவது உங்கள் இடத்தின் 300 பிரதிகள். 0.05 நானோகிராம் மட்டும் போட்டால் 15 பிரதி. அதில் அம்மாவிடமிருந்து வந்தது 10, அப்பாவிடமிருந்து வந்தது 5 என்று தற்செயலாக அமைந்துவிட்டால் ஒரு பட்டை மங்கிப்போகும். ஆகவே 1 முதல் 10 நானோகிராம் வரை போடுங்கள். அதிகம் போட்டாலும் கேடுதான்: பட்டைகள் வீங்கி, பக்கத்துப் பட்டையை மறைக்கும்.

மனித டி.என்.ஏ.வில் வேலை செய்யும்போது மாசு என்பது பெரும்பாலும் நீங்கள்தான். உங்கள் தும்மல், உங்கள் தோல். கையுறை, முகக்கவசம், வடிகட்டியுள்ள பைப்பெட் முனை மூன்றையும் விடாதீர்கள். பி.சி.ஆர். முடிந்த டியூபைத் திறக்கும் மேசையும் பி.சி.ஆர். தயாரிக்கும் மேசையும் ஒன்றாக இருக்கக் கூடாது.

படி 4: பி.சி.ஆர்.

25 மைக்ரோலிட்டர் கலவைக்கு ஆரம்ப அளவுகள்: பிரைமர் ஒவ்வொன்றும் 0.3 மைக்ரோமோலார், நான்கு நியூக்ளியோடைடுகளும் தலா 200 மைக்ரோமோலார், மக்னீசியம் குளோரைடு 1.5 முதல் 2 மில்லிமோலார், டாக் பாலிமரேஸ் ஒரு யூனிட்டுக்குள். சூடானால்தான் விழிக்கும் வகை டாக் கிடைத்தால் அதையே வாங்குங்கள். 95 டிகிரியில் ஆரம்பச் சூடு, பிறகு 95இல் 30 வினாடி, 60இல் 30 வினாடி, 72இல் ஒரு நிமிடம் என 28 முதல் 30 சுற்று.

சுற்றைக் கூட்டுவது புதியவர்களின் முதல் ஆசை. பட்டை மங்கல், சரி, 40 சுற்று ஓட்டுவோம் என்று தோன்றும். ரிபீட்களில் இது மற்ற இடங்களைவிட அதிகமாகத் திருப்பியடிக்கும். செல்லுக்குள் இழை வழுக்குவதுபோலவே டியூபுக்குள்ளும் வழுக்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு துணுக்கு குறைந்த பொய்ப் பிரதிகள் சேர்ந்துகொண்டே போகும். இதைத்தான் ஸ்டட்டர் என்கிறோம். 30ஐத் தாண்டுவதற்கு முன் டி.என்.ஏ. அளவையும் ஒட்டும் வெப்பநிலையையும் சரிபாருங்கள்.

மைக்ரோசாட்டலைட் என்றால் கடைசியில் 60 டிகிரியில் 30 முதல் 60 நிமிடம் வைத்திருங்கள். டாக் பாலிமரேஸுக்கு ஒரு பழக்கம் உண்டு: இழையை முடித்தபின் முனையில் கூடுதலாக ஓர் 'ஏ' எழுத்தை ஒட்டிவிடும். எல்லாவற்றிலும் ஒட்டினால் பிரச்சினை இல்லை, எல்லாமே ஓரெழுத்து நீளமாகும். பாதியில் ஒட்டி பாதியில் ஒட்டாமல் விட்டால் நீளத்தைப் படிக்கும் கருவியின் வரைபடத்தில் ஒரு அல்லீல் இரண்டு முகடாகப் பிளந்து தெரியும். கடைசி நீண்ட ஓய்வு அதை முடித்துவைப்பதற்கு.

ஒவ்வொரு முறையும் இரண்டு கட்டுப்பாடுகள். டி.என்.ஏ.வுக்குப் பதில் தண்ணீர் ஊற்றிய டியூப் ஒன்று. வகை ஏற்கெனவே தெரிந்த டி.என்.ஏ. ஒன்று. தண்ணீர் டியூபில் பட்டை வந்தால் அன்றைய முடிவு எதையும் குறிப்பேட்டில் ஏற்றாதீர்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

படி 5: படிப்பது

ஆலுவுக்கு 2 சதவீத அகரோஸ் போதும். ஒரு பிரைமர் ஜோடியில் ஆலு இல்லாத துண்டு 400 எழுத்து என்றால் ஆலு உள்ளது 700க்குப் பக்கம் வரும். மேலே மட்டும் பட்டை என்றால் இரண்டு குரோமோசோமிலும் ஆலு. கீழே மட்டும் என்றால் இரண்டிலும் இல்லை. இரண்டும் இருந்தால் கலப்பு.

இங்கே ஒரு பொறி உண்டு. குட்டையான துண்டைப் பிரதியெடுப்பது பாலிமரேஸுக்குச் சுலபம். கலப்பு ஆளின் மாதிரியில் கீழ்ப்பட்டை பளிச்சென்று வர, மேல்பட்டை மங்கிவிடும். அவசரமாகப் பார்த்தால் ஆலுவே இல்லாதவர் என்று எழுதிவிடுவோம். டி.என்.ஏ. சிதைந்திருந்தால் இது இன்னும் மோசமாகும். கீழ்ப்பட்டை மட்டும் தெரியும் மாதிரிகளில் சிலவற்றையாவது, நீட்டிப்பு நேரத்தைக் கூட்டி மறுபடி ஓட்டிப் பாருங்கள். ஆலுவுக்குள் ஒரு பிரைமர், வெளியே விலாசத்தில் ஒரு பிரைமர் என்று வைத்து ஆலு இருந்தால் மட்டும் பட்டை தரும் தனிச் சோதனையும் செய்வார்கள். ஆலுவுக்குள் பிரைமர் கூடாது என்று மேலே சொன்னேன். அது முதன்மைச் சோதனைக்கு. இங்கே மறு பிரைமர் ஓரத்தைப் பிடித்திருப்பதாலும், எதிர்பார்க்கும் நீளம் முன்பே தெரிவதாலும் சரிபார்ப்புக்கு மட்டும் சமாளித்துக்கொள்ளலாம்.

மைக்ரோசாட்டலைட்டுக்கு அகரோஸ் பற்றாது. ஒரு பிரைமரில் ஒளிரும் சாயம் ஒட்டி, மெல்லிய குழாயில் துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் கேப்பிலரி எலக்ட்ரோஃபோரசிஸ் கருவியில் ஓட்ட வேண்டும். நீளம் தெரிந்த துண்டுகளின் கலவை ஒன்றை வேறு நிறச் சாயத்தில் ஒவ்வொரு மாதிரியோடும் சேர்த்து ஓட்டினால் கருவி நீளத்தைக் கணக்கிட்டுச் சொல்லும்.

இதை டி.எச்.01 என்ற இடத்தை வைத்துப் பார்ப்போம். 11ஆம் குரோமோசோமில், ஏ-ஏ-டி-ஜி என்ற நாலெழுத்துத் துணுக்கு. உங்கள் பிரைமரில் 7 துணுக்குள்ள அல்லீல் 170 எழுத்து நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 என்றால் 174, 9 என்றால் 178, 10 என்றால் 182. ஒரு மாதிரியில் 170இலும் 181இலும் முகடு வருகிறது. 181 எந்தப் படியிலும் இல்லையே? கருவி தப்பு செய்துவிட்டது, 182தான் என்று திருத்திவிடத் தோன்றும். திருத்தாதீர்கள். அது 9.3 என்ற அல்லீல்: ஒன்பது முழுத் துணுக்கு, மூன்றெழுத்துள்ள குறைத் துணுக்கு ஒன்று. மிகவும் அபூர்வமானதும் இல்லை. சில மக்கள்தொகைகளில் இதுதான் அதிகம் காணப்படும் அல்லீல்களில் ஒன்று. 9.3க்கும் 10க்கும் ஓரெழுத்துதான் வித்தியாசம். எல்லா அல்லீல்களையும் வரிசையாகக் கொண்ட அல்லீல் ஏணியைப் பக்கத்திலேயே ஓட்டுவது இதற்காகத்தான்.

அடுத்து ஸ்டட்டர். 182இல் உயரமான முகடு, அதற்கு நாலெழுத்து முன்னே 178இல் பத்தில் ஒரு பங்கு உயரத்தில் குட்டி முகடு என்றால் குட்டி பெரும்பாலும் பொய். நாலெழுத்து ரிபீட்களில் ஸ்டட்டர் வழக்கமாக 15 சதவீதத்துக்குள் அடங்கும். அடுத்தடுத்த இரு அல்லீல்கள் உள்ள ஆளிடமோ இரண்டு முகடும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கும். இந்த இரண்டு நிலைக்கும் நடுவே விழுந்தால், ஊகிக்காமல் மறுபடி ஓட்டுங்கள். ஈரெழுத்து ரிபீட்களில் ஸ்டட்டர் படிக்கட்டுபோல் மூன்று நான்கு முகடாக இறங்கும். உண்மையான முகடு எது என்று கண்டுபிடிக்கவே தனிப் பழக்கம் வேண்டும். முன்பு தலைவலி என்று சொன்னது இதைத்தான்.

தெரியாத ரிபீட்களைத் தேட வேண்டியிருந்தால்

மனித ஜீனோமின் வரிசை கையில் இருப்பதால் இது இப்போது பலருக்குத் தேவைப்படாது. ஆனாலும் ஒரு குறிப்பிட்ட வகை ரிபீட்கள் அனைத்தையும் பல ஆட்களிடமிருந்து சேகரித்து வரிசைப்படுத்த வேண்டும் என்றால் தூண்டில் முறைதான் வழி. டி.என்.ஏ.வை வெட்டும் என்சைம் ஒன்றால் 300 முதல் 1000 எழுத்துத் துண்டுகளாக்குங்கள். எல்லாத் துண்டுகளின் முனையிலும் வரிசை தெரிந்த அடாப்டரை ஒட்டுங்கள். 95 டிகிரியில் இழைகளைப் பிரித்து, ஜி-ஏ-டி-ஏ எட்டு முறை வரும் துண்டு போன்ற, முனையில் பயோட்டின் கட்டிய தூண்டிலோடு 50 முதல் 60 டிகிரியில் சேரவிடுங்கள். ஸ்ட்ரெப்டாவிடின் பூசிய காந்த மணிகள் பயோட்டினை இறுகப் பிடித்துக்கொள்ளும். டியூபைக் காந்தத்தில் நிறுத்தி மற்றதைக் கழுவிவிடலாம்.

வெற்றி தோல்வி கழுவுவதில் இருக்கிறது. உப்பு அதிகமுள்ள கரைசலில் முதலில், பிறகு உப்பைக் குறைத்து, வெப்பத்தைக் கூட்டி. சோம்பல்பட்டால் ஏதேதோ ஒட்டிக்கொண்டு வரும். கெடுபிடி அதிகமானால் நல்லதும் கழன்றுவிடும். கடைசியில் 95 டிகிரித் தண்ணீரில் பிடிபட்டதை விடுவித்து, அடாப்டர் பிரைமரால் பெருக்குங்கள். இங்கேயும் சுற்றுகளைக் குறைவாக வையுங்கள். பெருக்கும்போது ஒரு துண்டின் ரிபீட் இன்னொரு துண்டின் ரிபீட்டோடு ஜோடி சேர்ந்து, இடப்பக்க விலாசம் ஒன்றும் வலப்பக்க விலாசம் வேறொன்றுமாக ஒட்டுத் துண்டுகள் உருவாகும். வரிசைப்படுத்தியபின் இரு ஓரங்களையும் ஜீனோமில் பொருத்திப் பாருங்கள். ஒரே இடத்தில் பொருந்தாத துண்டுகளை நீக்கிவிடுங்கள்.

படி 6: எண்ணுவது

கணக்கு எளிது. உதாரணத்துக்கு 50 பேரில் 12 பேரிடம் இரண்டிலும் ஆலு, 22 பேர் கலப்பு, 16 பேரிடம் இல்லை. மொத்தம் 100 குரோமோசோம். ஆலு உள்ளவை 24 கூட்டல் 22, ஆக 46. அல்லீல் வீதம் 0.46. மக்கள் தற்செயலாக ஜோடி சேர்ந்தால் எந்த வகை எத்தனை பேர் வருவார்கள் என்று சொல்லும் ஹார்டி-வெயின்பெர்க் விதிப்படி இந்த வீதத்துக்கு எதிர்பார்ப்பது முறையே 10.6, 24.8, 14.6 பேர். கண்டதற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள இடைவெளியை அளக்கும் கை-வர்க்க மதிப்பு 0.65; 3.84ஐத் தாண்டினால்தான் பொருந்தவில்லை என்போம். பொருந்துகிறது.

பொருந்தாமல், கலப்பு ஆட்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தால், உடனே நெருங்கிய உறவுத் திருமணம், கலவாத குழுக்கள் என்று விளக்கம் எழுதத் தொடங்காதீர்கள். மேல்பட்டை மங்கியதா, மௌன அல்லீலா என்று முதலில் ஜெல்லுக்குத் திரும்புங்கள். அதே குறைபாடு நீங்கள் பார்த்த எல்லா இடங்களிலும் தெரிந்தால் அது மக்களின் கதை. ஓர் இடத்தில் மட்டும் தெரிந்தால் பெரும்பாலும் உங்கள் பிரைமரின் கதை.

மக்கள்தொகைகளை ஒப்பிடும்போது ஓர் இடத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. 2002இல் ரோசன்பெர்க் குழுவினர் 52 மக்கள்தொகைகளைச் சேர்ந்த 1056 பேரிடம் 377 மைக்ரோசாட்டலைட்களைப் பார்த்தார்கள். மொத்த வேறுபாட்டில் 93 முதல் 95 சதவீதம் ஒரே மக்கள்தொகைக்குள் இருக்கும் ஆட்களுக்கு இடையிலானதுதான் என்று கண்டார்கள். அத்தனை இடங்களைச் சேர்த்துப் பார்த்ததால்தான் மிச்சமிருந்த சிறு பங்கைக் கொண்டே புவியியல் ரீதியான குழுக்களையும் அவர்களால் காண முடிந்தது. பத்துப் பதினைந்து இடங்களை வைத்துக்கொண்டு ஒரு சமூகத்தின் தோற்றம் பற்றி முடிவு சொல்லும் கட்டுரையைப் பார்த்தால் நான் மேலே படிக்க மாட்டேன்.

பி.சி.ஆர். எட்டாத இடங்கள்

ஓரத்தைப் பிடிக்கும் வழிக்கு ஓர் எல்லை உண்டு. இரு ஓரங்களுக்கும் நடுவே சில ஆயிரம் எழுத்துக்கு மேல் ரிபீட் நீண்டுவிட்டால், அல்லது எஃப்.எம்.ஆர்.1 மரபணுவில் 200ஐத் தாண்டும் சி-ஜி-ஜி போல ஜி, சி எழுத்துகளால் இறுகிப்போயிருந்தால், சாதாரண பி.சி.ஆர். கைவிட்டுவிடும். ஒரு நூற்றைம்பது எழுத்தாகப் படிக்கும் வரிசைப்படுத்தும் கருவிகளுக்கும் இதே சிக்கல்தான்: படித்த துண்டு முழுக்க ரிபீட்டாகவே இருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஓரம் மிச்சமிருக்காது. குறுந்துண்டுத் தரவிலிருந்து எஸ்.டி.ஆர். நீளத்தைக் கணிக்க ஹிப்எஸ்டிஆர் போன்ற நிரல்கள் உண்டு. படித்த துண்டு ரிபீட்டைத் தாண்டி இரு பக்கமும் தொடும் இடங்களில் மட்டும் அவற்றை நம்பலாம்.

2022இல் மனித ஜீனோமின் முதல் முழு வரிசை வெளியானபோது அதுவரை விடுபட்டிருந்த சுமார் 8 சதவீதம் நிரம்பியது. அதில் பெரும்பங்கு சென்ட்ரோமியர்களும் மற்ற ரிபீட்களும். அதைச் சாத்தியமாக்கியது ஆயிரக்கணக்கான, சில சமயம் லட்சத்துக்கு மேற்பட்ட எழுத்துகளை ஒரே மூச்சில் படிக்கும் நீள்வாசிப்புக் கருவிகள். அந்தப் பக்கம் போக நினைத்தால் செலெக்ஸில் கொதிக்கவைத்த டி.என்.ஏ. உதவாது, புது இரத்தத்திலிருந்தோ வளர்த்த செல்களிலிருந்தோ, பைப்பெட்டில் வேகமாக உறிஞ்சாமல், வோர்ட்டெக்ஸில் வைக்காமல், முனை அகன்ற பைப்பெட்டால் மெதுவாக எடுத்த நீண்ட டி.என்.ஏ. வேண்டும்.